தளபதி பேசாத பேச்சு

கத்தரி இடது காதுகிட்ட வந்து நறுக்குன்னு ஒரு கடி கடிச்சிட்டுப் போகுது, தெலேசோன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு, மூடி என்ன பிரயோசனம், காதுக்குத்தான் கடவுள் கதவு வைக்கலையே, கடைக்காரன் மிக்கோ ஆரம்பிச்சிட்டான். கடல் சாமி திருவிழா அன்னைக்குக் காலையில இந்த நாற்காலியில வந்து உக்காந்தா வருசா வருசம் இது உண்டு. கழுத்தைச் சுத்தித் துண்டைக் கட்டி, தாடியைச் சீப்பால நாலு இழுப்பு இழுத்துட்டு, நெஞ்சை முன்னால தள்ளி, தொண்டையை அடியில இருந்து பெரட்டி எடுத்து, "அஸ்தெராவின் மக்களே! ஓடுகிறவனுக்குக் கடல் பெரிது! நிற்கிறவனுக்கு இந்த மணல் போதும்!" கத்தரியை வாள் மாதிரி ஆட்டுறான் பாவி, காது போயிடும் போல இருக்கு. "எப்படிண்ணே? தளபதி திமாந்தரு அப்படியே எந்திரிச்சு வந்த மாதிரி இல்ல?" தெலேசோன் "ம்" அப்படின்னாரு. வேற என்னத்தைச் சொல்றது. மிக்கோ ஊர்ல யாரை வேணும்னாலும் பண்ணிக் காட்டுவான், மீன்காரியைப் பண்ணுவான், பூசாரி தும்முறதைப் பண்ணுவான், ஆனா தளபதியைத் தெம்பா இருந்தப்ப அவன் எங்க பாத்தான், வாயெல்லாம் கொழகொழன்னு போன கிழவனைத்தான் சின்னப் பயலா இருக்கும்போது பாத்திருப்பான். இவன் பண்றது தெலேசோன் மேடையில பண்ற தளபதியை. சரி, தெலேசோன் பண்ற தளபதி யாரு? அவரோட மாமனாரு. ஆலிவ் எண்ணெய்ச் செக்கு வச்சிருந்த மனுசன், செக்குக் கழுதையை அதட்டுற தொண்டை, அந்தத் தொண்டையைத்தான் தளபதிக்கு மாட்டிவிட்டாரு. இருபது வருசமா இந்த ஊரே எந்திரிச்சு நின்னு கும்புடுறது ஒரு கழுதை வாங்கின திட்டை. யாருகிட்டச் சொல்லிச் சிரிக்கிறது? சிரிச்சா தாடை ஆடும், தாடை ஆடினா கத்தரி குத்தும்.

துண்டுக்கு அடியில மடியில ஒரு தோல்பை, அதுக்குள்ள ரெண்டு சுருளு, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. விரலை விட்டுத் தடவிப் பாத்துக்கிட்டாரு. பழசு ஓரமெல்லாம் தேஞ்சு துணி மாதிரி ஆயிடுச்சு, புதுசு இன்னும் மொரமொரன்னு இருக்கு, நகம் பட்டா சத்தம் போடுது. எதை எடுக்கணும்னு அவரு முடிவு பண்ணியாச்சு, நேத்தே பண்ணியாச்சு, முந்தாநேத்தே பண்ணியாச்சு, பொறவு ஏன் விரலு திரும்பத் திரும்ப அங்கயே போகுது? விரலுக்குப் பயம். மத்தபடி தெலேசோனுக்குப் பயம் கிடையாது. அறுபது வயசு, முப்பது வருசமா துறைமுகம் துறைமுகமா அலைஞ்சவரு, எந்தச் சண்டை எங்க நடந்துச்சு, எவன் ஜெயிச்சான், எவன் பின்பக்கமா எறங்கி ஓடினான்னு விசாரிச்சு எழுதுறதுதான் பொழப்பு. எவனைப் பாத்தாலும் மொதக் கேள்வி ஒண்ணுதான், "நீ பாத்தியா, கேட்டியா?" கண்ணால பாத்தவன்னா பக்கத்துல உக்கார வச்சு திராட்சை ரசம் வாங்கிக் குடுப்பாரு. கேட்டவன்னா யாருகிட்டக் கேட்டேன்னு அடுத்த வீட்டுக்குப் போவாரு. பொண்டாட்டி செத்துப்போன செய்தியைக் கொண்டுவந்த ஆளுகிட்டயே வாய் தவறி அப்படித்தான் கேட்டுத் தொலைச்சாரு, அந்த ஆளு மூஞ்சி போன போக்கை இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல. அவ்வளவு கறாரான ஆளு. அவ்வளவு கறாரான ஆளுதான் அந்தப் பேச்சை எழுதினது, எழுதின அன்னைக்குப் பல்வலி, கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு, கிராம்பை அடக்கிக்கிட்டு அரைநாள்ல எழுதினது. யாரும் பாக்கல. யாரும் கேக்கல. ஏன்னா யாரும் பேசல.

அது வழக்கம்தானே, அவரா கண்டுபுடிச்சாரு? சண்டையை எழுதுறவன் எவனா இருந்தாலும் சண்டைக்கு முன்னால தளபதி வாயில ஒரு பேச்சை வச்சே ஆகணும், இல்லேன்னா கேக்குறவங்களுக்குப் பொறுக்காது, ஆலிவ் கொட்டையால அடிப்பாங்க. கப்பல் எத்தனை, காத்து எந்தப் பக்கம்னு நீ நெசத்தை என்னதான் அடுக்கினாலும், "தளபதி என்னப்பா சொன்னாரு?"ன்னு படியில உக்காந்திருக்கிறவன் ஏக்கமா பாப்பான். அந்த எடத்துல அந்த மாதிரி ஆளு என்ன சொல்லியிருப்பானோ அதை நீயே சொல்லிவிடு, தப்பில்லைன்னு எல்லாரும் பண்றதுதான். பாத்தியா கேட்டியான்னு ஊரையே கொடையுற மனுசன் அந்த ஒரு எடத்துல மட்டும் தன்னைத்தானே கேக்க மாட்டாரு. அப்படித்தான் தெலேசோனும் பண்ணினாரு. எதிர்க்கரையில அந்த மணல்ல நாப்பது பேரு செத்தாங்க, தளபதி மிச்சப் பேரோட கப்பல்ல திரும்பி வந்தாரு, இதுதான் ஊருக்குத் தெரிஞ்ச நெசம். இடையில ஒரு ஓட்டை, கூட வந்த துடுப்புக்காரங்க அதைப் பத்தி யாருகிட்டயும் வாயே தொறக்கல. ஓட்டையை அடைக்க ஒரு பேச்சு. யாரு என்னோட நிக்கிறீங்கன்னு தளபதி கேட்டாரு, நாப்பது பேரும் ஒரே கொரல்ல "நிற்கிறோம்"னாங்க, நீங்க ஊரைக் காப்பாத்தப் போங்க, நாங்க இங்க நின்னு எதிரியை நிறுத்துறோம்னு தளபதியைக் கெஞ்சிக் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. அடா அடா. மொத வாசிப்பு அன்னைக்குத் தளபதியே முன்வரிசையில உக்காந்திருந்தாரு. நான் எங்கடா இதெல்லாம் சொன்னேன்னு எந்திரிச்சாருன்னா தெலேசோன் கதை முடிஞ்சுது. எந்திரிச்சாரு. பொலபொலன்னு கண்ணுல தண்ணி. "ஆமாம்பா. அப்படித்தான் சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்" அப்படின்னாரு. அதோட விட்டாரா, மறுநாள் வீட்டுக்குக் கூப்புட்டு அனுப்பி, "மணல் போதும்னு சொன்னேன் பாரு, அதை நான் இன்னும் கொஞ்சம் சத்தமா சொன்னேன், அதைச் சேத்துக்க" அப்படிங்குறாரு! தெலேசோனும் சேத்துக்கிட்டாரு. என்ன பண்றது. நேர்ல பாத்தவரு சொல்றாரே.

அதுக்கப்பறம் அது கல்லுல ஏறிடுச்சு. சந்தைத் திடலுக்கு நடுவுல, மீனும் வெங்காயமும் விக்கிற எடத்துக்கு மேல, ஆள் உசரக் கல்லு. எழுத்துப் படிக்கத் தெரியாத வண்டிக்காரன்கூட அதைக் கடந்து போகும்போது கை காட்டி அந்த ரெண்டு வரியைச் சொல்லுவான். கல்யாணத்துல சொல்றாங்க. குழந்தை நடை பழகும்போது சொல்றாங்க. போன மாசம் ஒருத்தன் தாய ஆட்டத்துல எந்திரிக்காம உக்காந்துக்கிட்டு சொன்னான், நிற்கிறவனுக்கு இந்த மணல் போதும்னு, உக்காந்துக்கிட்டே. சனியன், வரி நல்லாத்தான் வந்திருக்கு. அதுதான் கொடுமையே. முப்பது வருசமா ஓடி ஓடி விசாரிச்சு எழுதின ஒம்பது சுருள்ல எத்தனை நெசம் இருக்கு, ஒருத்தன் ஒரு வரி சொல்லுவானா? அந்த ஒம்பதுல எல்லாரும் மனப்பாடம் பண்ணினது பல்வலியில வந்த பொய்யி. அதை அழிக்கிறது சொந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கசாப்புக் கடையில குடுக்கிற மாதிரி. வரியை மட்டும் எடுத்து வேற எவன் வாயிலயாவது வச்சிரலாமான்னு கூட ரெண்டு நாளு யோசிச்சாரு. வேற எந்தச் சண்டையிலயாவது நெசமாவே நின்ன ஒருத்தன் இருப்பான்ல? த்தூ. புத்தி போகுது பாரு. அறுபது வயசுலயும்.

"அண்ணே, தாடையைத் தூக்குங்க." தூக்கினாரு. இடது பக்கத் தாடியை மிக்கோ ஒரு அளவா வெட்டி முடிச்சு, விரலால சுண்டிப் பாத்து, ஊதிவிட்டான். அவன் மூச்சுல பூண்டு வாசம். "இன்னைக்குக் கொஞ்சம் நல்லா வாசிங்கண்ணே. வருசா வருசம் நல்லாத்தான் வாசிக்கிறீங்க, இன்னைக்கு அதுக்கும் மேல. ஏன்னு கேளுங்க." "ஏன்?" "வாசிப்பு முடிஞ்சதும் பாசிக்ளேஸ் ஐயா மேடையில ஏறிக் கேக்கப் போறாராம். அதே எதிர்க்கரை, அதே மணல், அங்க கோட்டை கட்டி ஒக்கார நாப்பது பேரு வேணுமாம். அவங்கப்பா தளபதி கேட்ட மாதிரியே கேப்பாராம், யாரு நிக்கிறீங்கன்னு. மொத ஆளா எந்திரிக்கப் போறது யாரு தெரியுமா?" கண்ணாடித் தகட்டைத் தூக்கி அதுல தன் மூஞ்சியைப் பாத்து, "நான்தாண்ணே. எங்கப்பா நின்ன எடத்துல நானும் போயி நிக்கிறேன். கடையை எங்க மச்சான் பாத்துக்குவான். அவன் வெட்டினா நீங்க வழுக்கையாயிடுவீங்க, அது தனி."

தெலேசோன் பையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. இது தெரியாது அவருக்கு. கோட்டைக்கு ஆள் எடுக்குறது தெரியும், அதுக்காகத்தான் புதுச் சுருளே, ஆனா மிக்கோ போறான்னு தெரியாது. மிக்கோவோட அப்பன் அந்த நாப்பது பேருல ஒருத்தன், பேரு லைக்கோன், அப்ப மிக்கோ ரெண்டு வயசுக் குழந்தை. செத்த நாப்பது பேரோட பிள்ளைங்களுக்குத் திருவிழாவுல முன்வரிசை, தலையில இலை மாலை. வருசம் முச்சூடும் ஊருக்குத் தாடி வழிக்கிறவன் அந்த ஒரு நாளு ஊருக்கு முன்னால உக்காருவான். அந்த மாலை ஆணியில தொங்குது, இந்தா, கடைச் சுவத்துல, சவரக்கத்திக்குப் பக்கத்துல. அதுக்கு மேல ஒரு ஈ. ஈ ஒரு இலையில இருந்து அடுத்த இலைக்கு நடக்குது. தெலேசோன் அந்த ஈயையே பாக்குறாரு. எதிர்க்கரையிலயும் ஈ மொச்சுக்கிட்டு இருந்துச்சு, போன மாசி மாசம் அவரு விசாரிக்கப் போனப்ப, சூரை மீன் கொட்டி வச்சிருந்த தட்டியில, ஒத்தக்காதுக் கிழவன் ஒருத்தன் மீனு வயித்தைக் கிழிச்சுக்கிட்டு இருந்தான். வாயைத் தொறந்தா நம்ம ஊரு பேச்சு. "அஸ்தெராவா நீ?" கிழவன் கத்தியை நிறுத்தல. "இருந்தேன்." "எதிர்க்கரைக்கு எப்ப வந்த?" "திமாந்தரு கப்பல்ல துடுப்புப் போட்டேன். அடுத்த துறையில குதிச்சவன், திரும்பி ஊருக்குப் போகல." தெலேசோன் அவன்கிட்டயும் வழக்கமான கேள்வியைக் கேட்டாரு. கிழவன் மொத தடவையா தலையைத் தூக்கினான். "பாத்தேன்யா. பாத்ததுனாலதான் ஊருக்கு வரல."

என்ன பாத்தான்? காலையில பனிமூட்டம். கப்பல்ல குடிதண்ணி தீந்துபோச்சு. நாப்பது பேரைக் குடத்தோட எறக்கி ஓடையில மொண்டுக்கிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. ஆயுதமெல்லாம் கப்பல்ல, கையில குடம்தான். அந்தப் பக்கம் பனிக்குள்ள எதிரி பாய்மரம் ஒண்ணு தெரிஞ்சுது, ஒண்ணே ஒண்ணு. தளபதிக்கு ரெண்டு நாளா வயித்துப்போக்கு வேற, மூஞ்சி மெழுகு மாதிரி இருந்துச்சு. கரைக்குக் கட்டியிருந்த கயித்தைக் கோடாலியால ஒரே போடு. பேச்சா? பேசினாரு. "இழு. இழு." அவ்வளவுதான். தளபதியோட பேச்சு மொத்தமே அந்த ஒத்தைச் சொல்லு, ரெண்டு தடவை. இழுத்தோம்யா, இழுத்த கையி எங்களோடது, இழுத்தோம். கரையில அவங்க குடத்தோட வந்து நிக்கிறாங்க, கப்பல் போகுது, யாருக்கும் புரியல, சிரிச்சுக்கிட்டுக்கூட இருந்தான் ஒருத்தன், வெளையாட்டுன்னு நெனச்சான் போல. ஒருத்தன் மட்டும் குடத்தைப் போட்டுட்டுத் தண்ணியில எறங்கி ஓடியாந்தான், முழங்கால் தண்ணியில நின்னான், வாயைத் தொறந்தான், சத்தம் வரல. தொடையில தட்டுறான். தப்பு தப்புன்னு தட்டுறான், வாயைத் தொறக்குறான், மறுபடி தட்டுறான். பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சோம். எதுக்குத் தட்டினான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, ஆனா படுத்தா அந்தச் சத்தம்தான்யா கேக்குது. கிழவன் இதைச் சொல்லிட்டு அடுத்த மீனை எடுத்தான். தெலேசோன் அவனை மட்டும் நம்பி வந்துரல. அந்தக் கரை முச்சூடும் நடந்தாரு. ஓடைக்குப் பக்கத்துல ஒரு மேடு, தண்ணிக்கு வந்தவங்க மேடுன்னு அந்த ஊர்க்காரங்க பேரு வச்சிருக்காங்க, பொதைச்சு மேல ஒடைஞ்ச குடத்தை அடுக்கி வச்சிருக்காங்க. குடத்தோட காதுல, அதான் கைப்புடியில, நம்ம ஊரு முத்திரை, நண்டு. விரலால தடவிப் பாத்தாரு. கொன்ன எதிரியே பொதைச்சிருக்கான்யா, மரியாதையா. நாம கல்லுல பொய்யை எழுதி வச்சிருக்கோம்.

ஒரு குடத்துக் காதை மட்டும் ஒடிச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு, இந்தா, பைக்கு அடியில அதுவும் கெடக்கு, தொடையில குத்துது. போன வாரம் அதை எடுத்துக்கிட்டுப் பாசிக்ளேஸ் வீட்டுக்குப் போனாரு, தளபதியோட மகன், இப்ப ஊர்ச் சபையில அவன் வச்சதுதான் சட்டம். பேச்சு முச்சூடும் மூக்கு வழியா வரும் அந்த ஆளுக்கு, ஜலதோஷம் புடிச்ச நாதஸ்வரம் மாதிரி. "தெலேசோன், தெலேசோன், உமக்கு வயசாயிடுச்சு. அந்தப் பேச்சு உம்மோடதுன்னா நினைக்கிறீரு? நீர் எழுதினீரு, அவ்வளவுதான். கல்லுல ஏறின பொறவு அது ஊரோடது. ஊரு சொத்துல கை வைக்கிறவனை என்ன பண்ணுவாங்க? படகுல ஏத்தி அனுப்பிருவாங்க. ஒரு சொல்லு மாறட்டும், பொழுது சாயுறதுக்குள்ள நீர் படகுல." சொல்லிட்டு அத்திப்பழம் ஒண்ணை நீட்டினான், தின்னுமாம். தெலேசோன் வாங்கித் தின்னாரு. நல்ல பழம். அதுக்காக? ஏத்துடா படகுல. எத்தனை படகைப் பாத்தவன் நான், பாதி ஒலகம் எனக்குக் கொல்லைப்பக்கம், உன் ஊரைத் தாண்டினா என் வாய் மூடிக்குமா, அடுத்த துறையில எறங்கி உன் மூக்கையும் சேத்துப் பண்ணிக் காட்டுவேன். இப்படியெல்லாம் மனசுக்குள்ள ஒரு வாரமா வீராவேசம். பாசிக்ளேஸை எதுத்து நிக்கிறது சுலபம்யா, அவன் மூக்கை நெனச்சாலே தைரியம் வந்துரும். ஆனா இந்தா நிக்கிறானே, பூண்டு வாசத்தோட, பாட்டு முனகிக்கிட்டு, வலது பக்கத் தாடியைச் சீப்புல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இவனை எப்படி எதுத்து நிக்கிறது? அப்பனை ஒரே ஒரு தடவைதான் இவனுக்குக் குடுத்தாரு தெலேசோன், இருபது வருசத்துக்கு முன்னால, பல்வலியோட. இன்னைக்கு அதைப் புடுங்கணும். புடுங்கலேன்னா இவன் போயிடுவான். மேடையில வச்சு ஊரோட ஊரா கேட்டுக்கட்டும்னு விட்டுரலாமா? சீ. அது பாசிக்ளேஸ் புத்தி.

"மிக்கோ. கத்தரியைக் கீழ வை."

"பயந்துட்டீங்களாண்ணே? காதைத் தொடவே இல்லையே."

"அந்தப் பேச்சை நான் கட்டினேன்."

"தெரியுமே. நீங்கதானே எழுதினீங்க."

"எழுதல. கட்டினேன். தளபதி அதைப் பேசல. யாரும் பேசல. அந்தக் கொரலு எங்க மாமனாரு கழுதையைத் திட்டுற கொரலு."

மிக்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். "கழுதையா! ஏண்ணே, எனக்கு நீங்க விளையாட்டுக் காட்டுறீங்களா? என்கிட்டயேவா?" உடனே கழுதை மாதிரி ஒரு கத்துக் கத்தி, "ஓடுகிறவனுக்குக் கடல் பெரிது"ன்னான். தெலேசோன் சிரிக்கல. பைக்குள்ள கையை விட்டுக் குடத்தோட காதை எடுத்து அவன் உள்ளங்கையில வச்சாரு. நண்டு முத்திரை மேல பாத்து இருந்துச்சு. சொன்னாரு. குடம், பனி, கயிறு, கோடாலி, இழு இழு. தண்ணியில எறங்கினவனை மட்டும் சொல்லல. அது யாருன்னு அவருக்கே தெரியாதே, தெரியாததைச் சொல்றதை நிறுத்திடணும்னுதானே இத்தனையும். மிக்கோ அந்த மண் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். சிரிப்பு மூஞ்சியிலயே காஞ்சு போய் ஒட்டியிருக்கு.

"நீ பாத்தியாண்ணே?" அப்படின்னான். இருபது வருசத்துல மொத தடவையா "நீ". "எல்லாரையும் கேப்பியே. உன்னைக் கேக்குறேன். பாத்தியா, கேட்டியா?"

"கேட்டேன். பாத்தவன்கிட்டக் கேட்டேன்."

"அப்ப அந்தப் பேச்சு?"

"பாக்கவும் இல்ல. கேக்கவும் இல்ல."

"அப்ப எங்கப்பா நிற்கிறோம்னு சொல்லல."

"இல்ல."

"அப்ப என்ன சொன்னாரு?"

"தெரியாது மிக்கோ."

"தெரியாதா? என்ன சொன்னாருன்னு தெரியாதா? ஊரு பூரா வாய்க்கு வாய் பேச்சு வச்சியே, அவருக்கு ஒண்ணு..." அங்க நின்னு போச்சு. வாயி தொறந்திருக்கு, கழுத்து நரம்பு பொடைக்குது, வார்த்தை வரல. காலையில இருந்து நிறுத்தாமப் பேசினவனுக்கு, மீன்காரிக்கும் பூசாரிக்கும் தளபதிக்கும் கொரல் குடுத்தவனுக்குத் தன் வார்த்தை வரல. கை கீழ எறங்குச்சு. தொடையில தட்டினான். தப். தப். தப். மூணாவது தட்டுல வார்த்தை வந்து விழுந்துச்சு, "ஒண்ணு கெடைக்கலையா?"

தெலேசோன் அந்தக் கையையே பாக்குறாரு. அந்த ஈ இன்னும் மாலையில நடக்குது. மீன் வாசம் வந்துச்சு, எங்க இருந்து வந்துச்சு, திடல்ல இருந்தா எதிர்க்கரையில இருந்தா. "மிக்கோ," அப்படின்னாரு மெதுவா, "உங்கப்பாவும் இப்படித்தான் தட்டுவாரா?"

"உனக்கு யாரு சொன்னா? அவருக்கு வாயி திக்கும், தட்டினாத்தான் வார்த்தை வருமாம். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, வெளியில அவரு வாயே தொறக்க மாட்டாராம். எனக்குக் கோவம் வந்தா மட்டும்தான். உனக்கு யாரு சொன்னா?"

அதுக்குள்ள வாசல்ல கட்டியக்காரன், கோலால தரையைத் தட்டிக்கிட்டு. "சபை கூடியாச்சு. பாசிக்ளேஸ் ஐயா கேக்கச் சொன்னாரு, பழைய சுருளுதானே?" தெலேசோன் பையோட வாரை இறுக்கிக் கட்டினாரு. மிக்கோ குடத்துக் காதை மூடின கையோட, ஆணியில இருந்து மாலையைப் புடுங்கிக்கிட்டு, யாரையும் பாக்காம வெளிய போயிட்டான். கத்தரி பெஞ்சுல கெடக்கு. "ஐயா, உங்க தாடி..." அப்படின்னான் கட்டியக்காரன். இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் முள்ளுக்காடு. தெலேசோன் துண்டை அவுத்து உதறினாரு. "ஏன், பாதியாவது நல்லா இருக்குல்ல? நட."

நடக்குறாரு. வெயில்ல இடது கன்னம் சில்லுன்னு இருக்கு, வலது கன்னம் அரிக்குது. சொல்லியிருக்கணுமா, வாசல்ல கட்டியக்காரன் நின்னா என்ன, தண்ணியில எறங்கினது உங்கப்பன்டான்னு கத்தியிருக்கணுமா. இல்ல. இது காதுல ஓதுற சேதி இல்ல. கல்லு நட்டது ஊரு, கேக்க வேண்டியதும் ஊரு. அந்தக் கல்லைத் தாண்டுறாரு, வெங்காயக்காரி ஒருத்தி அவரைப் பாத்ததும் கையைக் காட்டி, மணல் போதும் அப்படிங்குறா, பாவம், ஆசையா. மலைச்சரிவுல படிப்படியா ஊரே உக்காந்திருக்கு, அவரு மேடை ஏறினதும் கெக்கெக்கேன்னு சிரிப்பு மேல இருந்து உருண்டு வருது. தெலேசோன் விடுவாரா, இடது கன்னத்தை ஒரு பக்கம் காட்டினாரு, "இது உங்களுக்கு", வலதைத் திருப்பிக் காட்டினாரு, "இது எனக்கு". இன்னும் சிரிப்பு. முன்வரிசையில பாசிக்ளேஸ் மட்டும் சிரிக்கல. மாலை போட்டவங்க உக்காந்திருக்காங்க, நடுவுல ஒரு எடம் காலி. புதுச் சுருளைப் பிரிச்சாரு, மொரமொரன்னு அது போட்ட சத்தம் பாசிக்ளேஸ் காதுக்கே கேட்டிருக்கும். ஆரம்பிச்சாரு. அவங்க குடத்தோட போனாங்க, அப்படின்னாரு. ஆயுதம் கப்பல்ல இருந்துச்சு, அப்படின்னாரு. தளபதி பேசினது ஒரே ஒரு சொல்லு, அப்படின்னாரு, மாமனாரு தொண்டையை எடுக்கல, சொந்தத் தொண்டையில, "இழு. இழு."

மொதல்ல ஒரு ஆலிவ் கொட்டை வந்து தோள்ல பட்டுச்சு. பொறவு பத்து. பொறவு மழை. பொய்யன்கிறாங்க, எதிரிகிட்ட வாங்கித் தின்னவன்கிறாங்க, பாசிக்ளேஸ் எந்திரிச்சு மூக்கால என்னமோ கத்துறான், கட்டியக்காரன் கோலைத் தூக்கிக்கிட்டுப் படியில ஏறி வர்றான். எறிங்கடா. இருபது வருசத்துக்கு முன்னால எறிஞ்சிருக்கணும், லேட்டா எறியுறீங்க. அப்பத்தான் மிக்கோ வந்தான், பக்கவாட்டு வழியா, காலி எடத்துல போயி உக்காந்தான், மாலை தலையில இல்ல, கையில கசங்கிக் கெடக்கு. அவரைப் பாக்குறான். இன்னும் அதே கேள்வி மூஞ்சியில, அவருக்கு ஒண்ணு கெடைக்கலையா. தெலேசோன் சுருளைக் கீழ வச்சாரு. வாயில வரிசை கட்டி நிக்குது, முழங்கால் தண்ணியில நின்னவன் என்ன சொல்லியிருப்பான், பத்து வரி நிக்குது, ஒண்ணை விட ஒண்ணு நல்லா இருக்கு, மணல் போதும்கிறதை விட நல்லா ஒண்ணு இருக்கு, அழுதுருவாங்க, கொட்டையை எல்லாம் கீழ போட்டுட்டு அழுதுருவாங்க. எச்சிலோட சேத்து முழுங்கினாரு. ஒருத்தர் மட்டும் குடத்தைப் போட்டுட்டுத் தண்ணியில எறங்கினாரு, அப்படின்னாரு. கப்பலைப் பாத்து நின்னாரு. காலை அகட்டி நின்னாரு தெலேசோன். தொடையில தட்டினாரு. தப். வாயைத் தொறந்தாரு. மறுபடி தப். மறுபடி தப். வாயைத் தொறந்தபடி நின்னாரு, ஒண்ணும் சொல்லல.

கொட்டை நின்னு போச்சு. கட்டியக்காரன் கோல் அவரு தோள்ல வந்து உக்காந்துச்சு, வெயிட்டா. அறுபது வயசு வாயி தொறந்தே இருக்கு, காத்து உள்ள போகுது, பாதி தாடி ஆடுது. கீழ முன்வரிசையில மிக்கோ மாலையையும் குடத்துக் காதையும் கல்லுப்படி மேல வச்சான். கை காலியாச்சு.

தப்.

தப்.

தப்.

தெலேசோன் வாயை மூடிக்கிட்டாரு. படகு எங்கன்னு கட்டியக்காரன்கிட்டக் கேட்டாரு. நாளைக்கு எந்தத் துறையில எவன் வந்து லைக்கோன் பேச்சை நீ பாத்தியா, கேட்டியான்னு கேட்டாலும் சொல்லுவாரு, பாத்தேன், கேட்டேன், ரெண்டும்தான்.